நாலு தௌ

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், பத்து நாளைக்குள் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த நைட்ரஸ் வண்டி கதையச் சொல்லுங்க" என்பார்கள். நானும் சலிக்காமல் சொல்வேன். அந்தக் கதையில் ஒரு கெட்டவன் உண்டு. லேத் செல்வம். காசு வாங்கிக்கொண்டு ஒரு ஜெட்டைத் தப்பாகத் துளைத்துக் கொடுத்து, ஓர் இன்ஜினைச் சாகடித்தவன். அவனைக் கண்டுபிடித்தவன் நான். பன்னிரண்டு வருடம் இப்படித்தான் சொன்னேன். போன மாதம் ஓய்வு பெற்றேன். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் நான் சொல்லிவந்த கதை தப்பு என்று தெரிந்தது. கதை சொல்லும்போது செல்வத்தை அவன், இவன் என்றுதான் சொல்வேன். இங்கே அவர் என்றே எழுதுகிறேன்.

முதலில் என் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். ரயிலில் எதிரில் இருப்பவர் சிரித்தால் பையைத் தொட்டுப் பார்ப்பேன். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்த முகூர்த்த நேரத்தையே நம்பாமல் ஐயரிடம் இரண்டு தடவை கேட்ட ஆள் என்று என் மனைவி இன்றைக்கும் நாங்கள் குடியிருக்கும் அண்ணனூரில் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பட்டறையில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் அது எங்கே என்று தேட மாட்டேன். யார் என்று தேடுவேன்.

திருவேற்காட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நிலம் மனையாக மாறியபோது அவர்களுக்கு வேலை போனது, நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் சேர்ந்தேன். லாரி பட்டறையில் ஆறு வருடம், பம்பு கம்பெனியில் எட்டு வருடம். கம்பெனி மூடியதும் ஞானராஜ் சாரின் பட்டறைக்கு வந்தேன். பந்தயத்துக்கு ஓடுகிற கார்களின் இன்ஜினைப் பிரித்து, சீராக்கி, வேகம் கூட்டித் தருவது அங்கே வேலை.

ஞானராஜ் சார் என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவருடைய அப்பா நாகர்கோவில் பக்கமிருந்து வந்து ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை பார்த்தவர். சார் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்து இன்ஜினியரிங் படித்தார். அவருக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் வேறு ஜாதிச் சந்தேகம். ஆளைச் சந்தேகப்பட மாட்டார், பொருளைச் சந்தேகப்படுவார். ஒரு பிரஷர் மீட்டர் போதும் என்கிற இடத்தில் இரண்டு மாட்டுவார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் மூன்றாவதைக் கொண்டுவரச் சொல்வார். வண்டியில் கோளாறு என்றால் நான் "யாரு கை வெச்சா?" என்று கேட்பேன். அவர் "எது மாறியிருக்கு?" என்று கேட்பார்.

கோபமே வராது. எதிரில் இருப்பவர் மழுப்புகிறார் என்று தோன்றினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா பீரோவா என்றே தெரியாது. அது தெரியாத ஆட்கள் அந்தப் பார்வைக்குப் பயந்து உள்ளதைக் கொட்டிவிடுவார்கள்.

அப்படிக் கொட்டியவர்களில் ஒருவர் தயாளன். பூந்தமல்லியில் கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். ஆயிரத்து அறுநூறு சி.சி. பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்து, நைட்ரஸ் மாட்டித் தர வேண்டும் என்றார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் பந்தயத் தடத்தில் கால் மைல் ஓட்டம். போன வருடம் பூந்தமல்லியிலேயே உள்ள இன்னொரு பட்டறையின் வண்டி அவரை ஒரு கார் நீளத்தில் தோற்கடித்திருந்தது. அந்த ஒரு கார் நீளம் அவரைத் தூங்க விடவில்லை.

நைட்ரஸ் என்றாலே அப்போது எல்லோரும் எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப் பயன்படுத்தும் வாயுதான் அது. போதைக்காக உறிஞ்சுகிறவர்களும் உண்டு என்பதால் கேஸ் ஏஜென்சிக்காரர் எங்களைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கடிதம் கேட்பார், கையெழுத்துக் கேட்பார், கையெழுத்தை முன்பு போட்ட கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

இன்ஜினுக்குள் அந்த வாயு செய்வது ஒன்றுதான். சூட்டில் பிரிந்து, உள்ளே பிராணவாயுவைக் கூட்டுகிறது. பிராணவாயு கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், கூடுதல் சக்தி கிடைக்கும். பெட்ரோலைச் சரியான அளவில் கூட்டாமல் வாயுவை மட்டும் கூட்டினால், சூடு ஏறிப் பிஸ்டன் உருகும். வாயுவுக்கு ஒரு ஜெட், பெட்ரோலுக்கு ஒரு ஜெட். ஜெட் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளை. துளையின் அளவை அதன் தலையில் எண்ணாகக் குத்தியிருப்பார்கள். 24 என்று இருந்தால் இருபத்துநாலு தௌ. தௌ என்பது எங்கள் பட்டறைச் சொல். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நான் தொழில் பழகிய நாளிலிருந்து என் வாயில் புழங்கும் அளவு அதுதான்.

தயாளன் நூறு குதிரை சக்தி கூட வேண்டும் என்றார். சார் பதில் சொல்லாமல், இன்ஜினில் இதுவரை என்ன வேலை நடந்திருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமே செய்யவில்லை, கம்பெனியில் வந்த மாதிரியே இருக்கிறது என்று தயாளன் சத்தியம் செய்தார். சார் நாலு பிளக்கையும் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுக்கச் சொன்னார். நாலும் சமமாக வந்தது. ஆனால் கம்பெனிக் கணக்கைவிட நாலும் அதிகம். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து முடிப்பதற்குள், போன வருடம் ஹெட்டை இழைத்து உயரம் குறைத்தது உண்மைதான் என்று தயாளன் சொல்லிவிட்டார். ஏற்கெனவே அழுத்தம் கூடிய இன்ஜின். நூறு என்ற பேச்சு அன்றோடு முடிந்தது, நாற்பதில் ஆரம்பிப்பதாக முடிவானது.

அடுத்து எந்த மாதிரி சிஸ்டம் என்பது. ஒன்றில் வாயு மட்டும் உள்ளே போகும், அதற்கான பெட்ரோலை வண்டியின் கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் ஒரே நாசிலில் வாயுவும் பெட்ரோலும் சேர்ந்து பீய்ச்சும். அந்த வண்டியின் இன்ஜெக்டர் ஏற்கெனவே முக்கால் மூச்சில் ஓடியது, கம்ப்யூட்டரையும் அந்த நாளில் நாங்கள் திறக்க முடியாது. அதனால் இரண்டாவது வகை. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் திறக்க ஒரு சுவிட்ச், மூவாயிரம் சுற்றுக்குக் கீழே திறக்காமலிருக்க இன்னொரு சுவிட்ச். தீப்பொறி நேரத்தை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினோம். சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துகிற, ஒரு படி குளிர்ந்த பிளக் போட்டோம்.

வெளிநாட்டிலிருந்து வந்த அந்த சிஸ்டத்தோடு பாட்டிலைச் சூடாக்க ஒரு ஹீட்டர் பட்டையும் வந்திருந்தது. குளிர் தேசத்தில் பாட்டிலில் அழுத்தம் ஏறாதாம். சித்திரை வெயிலில் டிக்கியில் கிடக்கும் பாட்டிலுக்கு ஹீட்டர் போட்டால் என்ன ஆகும்? அழுத்தம் எகிறி, வாயு அதிகமாகப் பாயும், பெட்ரோல் அதே அளவில் நிற்கும். நாங்கள் ஹீட்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் பாட்டிலுக்கு ஈரச் சாக்கு சுற்றினோம். தொள்ளாயிரத்தைம்பது பவுண்டு அழுத்தத்துக்கு மேலே போகாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது என் பொறுப்பு.

முதல் சோதனைக்கு வாயு ஜெட் 36, பெட்ரோல் ஜெட் 24. மூன்று விநாடி முழு மிதி, உடனே இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்ற வேண்டும். சார் அதைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளி இருந்தால் உள்ளே பிஸ்டன் உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு புள்ளியும் இல்லை. இன்னொரு விதியும் அவருக்கு உண்டு. எந்தப் பெட்ரோல் ஜெட்டும், அதன் தலையில் என்ன எண் இருந்தாலும், வண்டியில் ஏறுவதற்கு முன் அரை நிமிடம் பெட்ரோலை அதன் வழியே விட்டு அளவுக் குடுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணை நம்பக் கூடாது. எனக்கு இந்த விதி அவ்வளவு பொருத்தமாக இருந்தது, நானே கண்டுபிடித்தது போல மற்றவர்களிடம் சொல்வேன்.

சனிக்கிழமை தடத்தில் ஒத்திகை. சாரும் தயாளனும் வண்டியோடு போய்விட்டார்கள், நான் பட்டறையில் இருந்தேன். மதியம் சார் போன் செய்தார். வண்டி நன்றாக ஓடுகிறது, பிளக் சுத்தமாக இருக்கிறது, ஒரு படி ஏற்றலாம் என்று நினைக்கிறேன் என்றார். வாயு ஜெட் 41 அவர் கையில் இருந்தது. பெட்ரோல் ஜெட் 28 பட்டறைப் பெட்டியில் இருக்கும், எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

பெட்டியில் 28 இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. யார் யார் நேற்றுப் பெட்டிப் பக்கம் வந்தார்கள் என்று மனதுக்குள் ஒரு பட்டியல்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் 24 இரண்டு இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாரியில் இருந்த செல்வத்திடம் ஓடினேன்.

செல்வம் அப்போது முப்பத்தைந்து வயதுக்காரர். ஏதோ பெரிய கம்பெனியில் தொழில் பழகி வந்து, ஷட்டர் போட்ட ஒரு சின்ன இடத்தில் லேத்தும் டிரில்லும் வைத்திருந்தார். எங்கள் சந்தில் நுணுக்கமான வேலை என்றால் அவரிடம்தான் போவார்கள். லேத் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"செல்வம், இதுல நாலு தௌ ஏத்திக் குடு. அவசரம்."

அவர் லேத்தை நிறுத்தாமலே ஜெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாலு தௌ தானே அண்ணாத்தே?"

"ஆமா, நாலு தௌ."

சன்னமான டிரில் மாட்டி, பொறுமையாக இறக்கி, அளந்து பார்த்துக் கொடுத்தார். பட்டறைக்கு வந்து 24-ஐ அரத்தால் தேய்த்துவிட்டு, நம்பர் பஞ்சை வைத்து 28 என்று நானே குத்தினேன். இருபத்துநாலும் நாலும் இருபத்தெட்டு. பைக்கை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வழியாகத் தடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. சார் ஜெட்டின் எண்ணைப் பார்த்துவிட்டு, "அளந்தாச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். செல்வம் அளந்ததைத்தான் சொன்னேன். குடுவையில் பிடித்ததா என்று அவர் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அன்று ஓர் ஓட்டம் ஓடியது. பிளக்கில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. சார் அதை வெகுநேரம் பார்த்தார், தூசியாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி. இரண்டாவது ஓட்டத்தில் தடத்தின் பாதியில் வண்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பின்னால் வெள்ளைப் புகை. அந்தப் பூந்தமல்லிப் பட்டறை வண்டி தனியாகப் போய்க் கோட்டைத் தொட்டது.

திங்கட்கிழமை இன்ஜினைப் பிரித்தோம். மூன்றாவது பிஸ்டனின் ஓரம் எலி கடித்தது போல இருந்தது. தயாளன் பக்கத்திலேயே நின்றார். உங்கள் ஆட்களில் எவனோ விலை போய்விட்டான் என்று கத்தினார். கத்தியபோது என்னைப் பார்த்துக் கத்தினார். அந்த ஜெட்டைக் கொண்டுவந்தது நான்தானே. ஊரை எல்லாம் சந்தேகப்படுகிற எனக்கு, என்னை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது.

சார் எப்போதும் போல ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பாட்டில் அழுத்தம், என் குறிப்பில் சரியாக இருந்தது. பெட்ரோல் பம்பு சரி. தீப்பொறி நேரம் சரி. கடைசியில் ஜெட்டை எடுத்து, துளையில் பின் என்கிற அளவுக் கம்பியை விட்டு அளந்தார். சார் மில்லிமீட்டரில்தான் அளப்பார். இருபத்தெட்டு தௌ என்றால் 0.71 மில்லிமீட்டர் பின் போக வேண்டும். போகவில்லை. 0.65 போனது, 0.66 நின்றுவிட்டது. வாயுவைக் கூட்டிவிட்டுப் பெட்ரோலைப் பட்டினி போட்டிருக்கிறோம்.

எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, யார் என்று விளங்கிவிட்டது. செல்வத்தின் மச்சான் அந்தப் பூந்தமல்லிப் பட்டறையில்தான் வேலை பார்த்தான். போன வாரம் செல்வம் புது போன் வாங்கியிருந்தார். நான் ஜெட்டைக் கொடுத்தபோது லேத்தை நிறுத்தாமல், முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். ஏன் பார்க்கவில்லை?

செல்வத்திடம்தான் துளைக்கக் கொடுத்தேன் என்று சாரிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"இருபத்தெட்டு போடச் சொன்னேன் சார்."

"இருபத்தெட்டுன்னா சொன்னீங்க?"

"ஆமா சார். அப்படியேதான்."

கண்ணாடியைத் துடைத்தார். நான் அசையவில்லை. அப்போது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு ஏற்று என்பதும் இருபத்தெட்டு போடு என்பதும் ஒன்றுதானே.

அவர் செல்வத்திடமும் கேட்க வேண்டும் என்றார். நான் அதுவரை பொறுக்கவில்லை. பதினொரு மணிக்கு டீ நேரம், சந்து முழுவதும் மல்லிகா அக்காவின் டீக்கடையில் நிற்கும். செல்வமும் கிளாஸோடு நின்றார். அங்கே வைத்து, எல்லோர் முன்னாலும், பூந்தமல்லியில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன். மச்சானைச் சொன்னேன், போனைச் சொன்னேன், ஜெட்டை எடுத்துக் காட்டினேன். அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"நீ இன்னா சொன்னியோ அத்தத்தான் செஞ்சேன் அண்ணாத்தே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாதி டீயை வைத்துவிட்டுப் போய் ஷட்டரை இறக்கினார். சார் போனபோது கடை பூட்டியிருந்தது. அடுத்த வாரம் மறுபடி போனபோது, உங்கள் ஆளையே கேளுங்கள் என்று செல்வம் சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் யாரும் அவரிடம் வேலை கொடுக்கவில்லை. ஒருவன் கொடுக்கப் போனால் இன்னொருவன் கண்ணைக் காட்டுவான். இரண்டு மாதத்தில் மினி லாரியில் லேத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தயாளன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சார் மட்டும் அந்த ஜெட்டை ஒரு கவரில் போட்டு, மேலே '0.65. ஏன்?' என்று எழுதி அலமாரியில் வைத்தார். யார் என்று வெட்ட வெளிச்சமாகத் தெரிந்த பிறகும் ஏன் என்று எழுதுகிறாரே என்று எனக்கு அவர் மேலே வருத்தம்.

பன்னிரண்டு வருடம் போனது. இப்போது எல்லோரும் டர்போவும் லேப்டாப்புமாக மாறிவிட்டார்கள், நைட்ரஸ் கேட்டு வருகிறவர் அபூர்வம். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் முன்னால், ஷாஃப்ட் நுழைகிற ஒரு புஷ்ஷின் துளையை இரண்டு தௌ பெரிதாக்கித் தரச் சொல்லி, பேட்டையில் புதிதாக வந்த சி.என்.சி. கடையில் கொடுத்தேன். மெஷின் ஓட்டும் பெண்ணுக்குக் கவிதா என்று பெயர், நல்ல வேலைக்காரி. வாங்கி வந்து போட்டால் ஷாஃப்ட் இறுக்குகிறது. திரும்பப் போய், சொன்ன அளவு எடுக்காமல் ஏமாற்றுகிறாயா என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் மீட்டரை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள்.

"ரெண்டு தௌ கரெக்டா எடுத்துகீறேன் சார். பாயிண்ட் ஜீரோ டூ. பாருங்க."

"அது ரெண்டு தௌவா? தௌன்னா இன்னா?"

"பாயிண்ட் ஜீரோ ஒன் எம்.எம். வேற இன்னா? இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

மில்லிமீட்டரிலேயே தொழில் பழகியவர்களுக்கு அங்குலம் தெரியாது. சொல் மட்டும் பழைய ஆட்களிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவர்கள் மீட்டரில் ஆகச் சின்னக் கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். என் தௌ அதைப் போல இரண்டரை மடங்கு. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்துநாலு தௌ ஜெட் என்பது 0.61 மில்லிமீட்டர். அதோடு செல்வத்தின் நாலு தௌ சேர்த்தால் 0.65. ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் துல்லியமாகச் செய்து கொடுத்திருக்கிறார். நாலு தௌ தானே என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் செய்திருக்கிறார். அன்று சாரிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லியிருந்தால், அவர் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் கண்டுபிடித்திருப்பார்.

செல்வம் நெமிலிச்சேரியில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இட்லி மாவு அரைத்து விற்கும் கடை. இரண்டு பெரிய கிரைண்டர்கள் ஓடின. செல்வத்துக்குத் தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தவுடன் அவர் கை கல்லாப் பெட்டியை மூடியது. அதை நான் பார்த்தேன். நான் செய்கிற காரியம் அது.

"இன்னா அண்ணாத்தே, இங்க எதுனா காணாப் போச்சா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கையும் சொன்னேன், சாரிடம் வார்த்தையை மாற்றிச் சொன்னதையும், அளந்தாச்சு என்று சொன்னதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவர் கிரைண்டரை நிறுத்தவில்லை. மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"இதெல்லாம் எனுக்கு மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு" என்றார். "நீ பழைய ஆளு, இஞ்சு கணக்கு பேசுறவன்னு அப்பால தான் ரோசன வந்துச்சு. சொல்லலாம்னு ஒங்க பட்டறையாண்ட வந்தேன். நீ கேட்டாண்ட நின்னுகினு, திருட்டுப்பயலே உள்ள வராதேன்ன."

அது எனக்கு நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

"அன்னிக்கி டீக்கடையாண்ட அத்தினி பேரு முன்னாடி சொன்ன. இன்னிக்கி எங்க ஊட்டாண்ட வந்து என் காதுல சொல்ற. என் காதுக்குத்தான் இது முன்னியே தெரியுமே அண்ணாத்தே."

ஒரு கிலோ மாவு கேட்டேன். கொடுத்தார், மிச்சச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார்.

எனக்குப் பட்டறையில் வழியனுப்பு வைத்த அன்று பதினொரு மணிக்கு எல்லோரையும் டீக்கடைக்கு வரச் சொன்னேன். அங்கே நின்றே சொன்னேன். பட்டறையில் அந்தக் கதையை என்னிடம் கேட்டவர்கள் முகம் ஒவ்வொன்றாக வாடியது, எனக்காகக் கூச்சப்பட்டு இரண்டு பேர் கீழே பார்த்தார்கள். ஞானராஜ் சார் போய் அலமாரியிலிருந்து அந்தக் கவரைக் கொண்டுவந்தார். 'ஏன்?' என்பதற்குக் கீழே பன்னிரண்டு வருடமாகக் காலி இடம். பேனாவையும் நீட்டினார். 'நாலு தௌ என்று சொன்னேன். இருபத்தெட்டு என்று சொன்னதாகச் சொன்னேன். அளக்கவில்லை. ஏகாம்பரம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

மல்லிகா அக்கா பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் புள்ள ஒன்னும் பண்ணலியா? நான்கூட அதுக்கப்பறம் அதுக்குக் கடனா டீ குடுக்கலியே."

பன்னிரண்டு வருடம் முன்னால் நான் செல்வத்தைக் கேட்டபோது அங்கே நின்றவர்களில் இப்போது சந்தில் மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். மற்றவர்கள் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். சிலர் ஒரகடம் பக்கம் இருப்பதாகக் கேள்வி, சிலர் எங்கே என்றே தெரியவில்லை. அவர்கள் போன இடத்திலெல்லாம் நான் சொன்னதும் கூடவே போயிருக்கும். அவர்களைத் தேடித் தேடிச் சொல்ல என்னால் ஆகாது, அதனால்தான் எழுதுகிறேன். அந்த டீக்கடை வாசலில் அன்று நின்ற யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். செல்வம் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. நான் நாலு தௌ கேட்டேன், அவர் நாலு தௌதான் ஏற்றிக் கொடுத்தார்.